ஒரே ஒரு நாள் பூட்டிய கவுண்டர்

அன்று ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாக மோட்டார் போட்டேன். எங்கள் தெருவில் ஆறு மணிக்கு மேல் போட்டால் தண்ணீர் மாடித் தொட்டிக்கு ஏறாது. காய்ந்த துணியை எடுக்கலாம் என்று மாடிப்படியில் கால் வைத்தபோது போன் அடித்தது. அமலோற்பவம் அக்காவின் மகள் ஸ்டெல்லா. "டீச்சர், அம்மா போயிட்டாங்க" என்றாள். அழவில்லை. இன்னும் பலருக்குச் சொல்ல வேண்டிய அவசரம் அவள் குரலில் இருந்தது. நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தொட்டி நிரம்பி, சுவரில் வழிந்து, தண்ணீர் தெருவரைக்கும் போய்விட்டது. எதிர்வீட்டு அம்மாள் வந்து, "இன்னா டீச்சர், தூங்கிட்டீங்களா, தண்ணி ரோட்ல ஓடுது" என்று சொன்ன பிறகுதான் எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினேன்.

அடக்கம் மாலை நான்கு மணிக்கு. புதுக்கழனி கோயிலில் பூசை முடிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கல்லறை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். எல்லோரும் வெயிலில் நின்றோம். பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர் ஏ.சி. மெக்கானிக் வேலு. அக்காவிடம் தினமும் டிக்கெட் வாங்கியவர், தினமும் சண்டை போட்டவர். வண்டி வேகம் குறையாமல் கடந்து போனது. வேலு தோளை மாற்றிக்கொண்டே, "அக்காவுக்காகவாவது இன்னைக்கு ஒரு நாள் நின்னுட்டுப் போயிருக்கலாம்" என்றார். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களே பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். கேட் திறந்தது. நாங்கள் போனோம்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்கள் படிக்க நேர்ந்தால் அவர்களுக்காகச் சில வரிகள். செஞ்சிக்கு ரயில் கிடையாது. வரப்போகிறது என்று நான் கல்லூரி முடித்த நாளிலிருந்து கேட்டு வருகிறேன். கோட்டையைப் பார்க்க வருகிறவர்களும் சரி, ஊரை விட்டு வேலைக்குப் போகிறவர்களும் சரி, திண்டிவனம் போய்த்தான் ரயில் ஏற வேண்டும். திண்டிவனத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னால், விழுப்புரம் பக்கம் இருந்தது புதுக்கழனி ஹால்ட். ஹால்ட் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, சிக்னல் கிடையாது. ஒரு தகரக் கூரை, ஒரு அறை, அந்த அறையில் ஒரு சன்னல். அங்கே டிக்கெட் விற்றவர் அமலோற்பவம் அக்கா. அவர் ரயில்வே ஊழியர் அல்ல. பெரிய ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் கட்டு வாங்கி வந்து, விற்றதற்குக் கமிஷன் பெறும் முகவர். காலையில் சென்னைப் பக்கம் ஒரு பாசஞ்சர், மாலையில் திரும்பி ஒன்று. அவ்வளவுதான் அந்த ஊரின் ரயில்.

அங்கே நடைமேடை என்று சொன்னது தண்டவாளத்தின் உயரத்துக்கே இருக்கும் ஒரு மண் திட்டு. வண்டியின் படி இடுப்புக்கு மேலே நிற்கும். வயதானவர்கள் ஏற முடியாது. அக்கா ஒரு நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூல் வைத்திருந்தார். வண்டி வந்ததும் சன்னலை விட்டு வெளியே ஓடி வந்து, பெண்கள் பெட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, கீரைக்காரி குப்பம்மாளை முதுகில் கை கொடுத்து ஏற்றிவிட்டு, கூடையை மேலே கொடுத்து, ஸ்டூலை எடுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்கு ஓடுவார். அந்த வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. வண்டியின் கார்டு ஒருவர், "அந்த ஸ்டூலுக்கும் ஒரு சீசன் டிக்கெட் போட்டுடும்மா, தினம் வந்துக்கினு போவட்டும்" என்பார். அக்கா பச்சைக்கொடியை அவர் கையில் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். கொடி அசைந்த பிறகு பேசினால் வண்டி தாமதமாகாது என்பது அவர் கணக்கு.

கொரோனாவில் நின்ற பாசஞ்சர் திரும்பி வந்தபோது புதுக்கழனியில் நிற்கவில்லை. அக்கா ஊர் ஊராகப் போய்க் கையெழுத்து வாங்கினார். எப்படியோ, ஆறு மாதம் சோதனையாக நிற்கும் என்று உத்தரவு வந்தது. ஆறு மாதம் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை டிக்கெட் விற்கிறது என்று பார்த்து, பிறகு முடிவு செய்வார்கள். அந்த நாட்களில்தான் நான் அங்கே ஏறத் தொடங்கினேன். எனக்கு மதுராந்தகத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை வேலை. செஞ்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, பாதியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் புதுக்கழனி போனால் உட்கார இடம் கிடைக்கும். திண்டிவனத்தில் ஏறினால் நிற்க வேண்டும். ஆனால் என்னிடம் இருந்தது திண்டிவனத்திலிருந்து எடுத்த சீசன் டிக்கெட். பழைய பழக்கம், மாற்றவில்லை.

இரண்டு வாரம் என்னைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார் அக்கா. பிறகு ஒரு நாள் சன்னல் வழியாகக் கூப்பிட்டார். "நீங்க டீச்சர்தானே?" ஆமாம் என்றேன். "சீசன் எங்கேர்ந்து?" சொன்னேன். "அப்ப இங்கேர்ந்து திண்டிவனம் வரைக்கும் தினம் ஓசியில போறீங்க" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது சுட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஓசின்றது கூடப் பரவால்ல டீச்சர். நீங்க இங்க ஏறுறீங்க, ஆனா இங்க நீங்க இல்ல. எழுதுறவன் நோட்டுல பார்த்தா திண்டிவனத்துல இருக்கீங்க." அன்றே மாற்றினேன். அடுத்த வாரம் பயணிகள் சங்கத்தில் என்னைச் சேர்த்தார். அதற்கடுத்த வாரம் மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது.

இப்படி ஒவ்வொருவரையும் சன்னலில் நிறுத்தி டிக்கெட் வாங்க வைத்தார். எல்லோருக்கும் அது பிடிக்கவில்லை. வேலு ஒரு நாள் பலர் முன்னால், "உனக்குக் கமிஷன் வருது, அதுக்குத்தான இவ்ளோ கூவுற" என்று கேட்டுவிட்டார். அக்கா சில்லறையை எண்ணி அவர் கையில் வைத்துவிட்டு, "ஆமாப்பா, எனக்குக் கமிஷன் வருது. உனக்கு ரயிலு வருது. யாருக்கு லாபம் ஜாஸ்தின்னு நீயே சொல்லு" என்றார். வேலு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார். மறுநாளும் வாங்கினார், மறுநாளும் முணுமுணுத்தார்.

அக்காவுக்கு ஒரே ஒரு விதி இருந்தது. வண்டி வரும் நேரத்தில் கவுண்டர் பூட்டியிருக்கக் கூடாது. வண்டி வராவிட்டாலும், மழையில் ஒருவரும் வராவிட்டாலும், சன்னல் திறந்திருக்க வேண்டும். ஸ்டெல்லாவின் கல்யாணம் ஒரு வேலை நாளில் நடந்தது. காலைப் பூசை ஒன்பது மணிக்கு. நாங்கள் வழக்கம்போல ஹால்ட்டுக்குப் போனபோது அக்கா பச்சைப் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாகச் சன்னலுக்குள் உட்கார்ந்திருந்தார். குப்பம்மாள், "பொண்ணு யாருன்னே தெரியலயே, உனக்கா அவளுக்கா கல்யாணம்" என்றாள். அக்கா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அன்றும் ஸ்டூலோடு ஓடினார். வண்டியை அனுப்பிவிட்டுத்தான் மகளைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். அந்தப் புடவையின் கரையில் தண்டவாளத்து எண்ணெய்க் கறை பட்டு, கடைசிவரை போகவில்லை என்று ஸ்டெல்லா அடக்கத்தன்று சொன்னாள்.

இனி எழுதுவது இதுவரை நான் எங்கும் சொல்லாதது.

சோதனைக் காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. தகரக் கூரையின் கீழ் சங்கக் கூட்டம். விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம் என்று முடிவானது. எத்தனை பேர் போவது என்பதில்தான் பேச்சு. அக்கா, "அஞ்சு பேர் போங்க. மத்தவங்க வழக்கம் மாதிரி ரயில்ல போவட்டும்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து பேர் போனால் ஐந்து பேரின் குறையாகத்தான் பார்ப்பார்கள், தினமும் ஏறுகிற அத்தனை பேரும் போய் நின்றால்தான் இது ஊரின் தேவை என்று தெரியும் என்றேன். நன்றாகப் பேசினேன் என்று நினைக்கிறேன். வகுப்பில் பேசிப் பழகிய வாய். வேலு முதலில் தலையாட்டினார், பிறகு எல்லோரும் ஆட்டினார்கள். எந்தத் திங்கள் என்று கேட்டார்கள். எங்கள் பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை வரும் திங்கட்கிழமையைச் சொன்னேன். எனக்கு விடுப்பு மிச்சமாகும். அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

அக்கா மட்டும் வரமாட்டேன் என்றார். காலை வண்டிக்குச் சன்னல் திறக்க வேண்டும். கூட்டம் கலைந்த பிறகும் நான் விடவில்லை. டிக்கெட் விற்கிற ஆளே வந்து இத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று சொன்னால் அதற்கு மதிப்பு வேறு என்றேன். "எல்லாரும் வேன்ல வர்றாங்க. யாருக்கு டிக்கெட் குடுக்கப் போறீங்க அக்கா? ஒரு நாள் பூட்டினா ஒண்ணும் ஆவாது" என்றேன். அவர் திரும்பித் தண்டவாளத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, படிச்சவங்க சொல்றீங்க" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை நான் யோசித்திருப்பேன்.

அந்தத் திங்கட்கிழமை இரண்டு வேன் நிறையப் போனோம். கல்லூரியில் படிக்கும் சரண்யா, குப்பம்மாள், வேலு, எல்லோரும். குப்பம்மாள் அன்று கீரை பறிக்கவில்லை. வழியெல்லாம் பாட்டும் சிரிப்பும். இவ்வளவு பேர் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பக்கம் போவது ரயிலுக்கு வெளியே அதுதான் முதல் தடவை. அங்கே வரிசையில் நின்று, அக்கா கையால் மனுவைக் கொடுத்தோம். வாங்கியவர் மரியாதையாகத்தான் வாங்கினார். முத்திரை குத்திய ரசீது கொடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து எல்லோரும் டீ குடித்தோம். அக்கா ரசீதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்து கேட் அருகே வேனை விட்டு இறங்கும்போது மணி இரண்டு இருக்கும். கேட் கீப்பர் எங்களைப் பார்த்து எழுந்து வந்தார். "எங்க போயிட்டீங்க எல்லாரும்? காலையில ரயில்வேலேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்க, வண்டி வர்ற நேரத்துக்கு. எண்ண வந்தாங்களாம்."

"இன்னா எண்ணுனாங்க?" என்று கேட்டார் வேலு. "ஆளே இல்லியே."

"அதத்தான் எழுதிக்கினு போனாங்க" என்றார் கேட் கீப்பர்.

அக்கா போய் அறையைத் திறந்தார். சன்னலையும் திறந்து வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தார். மாலை வண்டிக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பயணிகள் எவரும் இல்லை, கவுண்டர் பூட்டியிருந்தது என்று அறிக்கையில் இருந்தது. அன்று நாங்கள் இந்த ரயிலைக் கேட்டு மனு கொடுக்கத்தான் போயிருந்தோம் என்று ரசீதின் நகலை இணைத்துப் பதில் எழுதினேன். முகவர் தன் விருப்பப்படி கவுண்டரை மூடியது விதிக்கு மாறானது என்று ஒரு வரி வந்தது. அந்த மாதக் கடைசியோடு வண்டி நிற்பது நின்றது. அதற்கு முன்பே டிக்கெட் போதாமல் இருந்ததா, அந்த ஒரு நாளால்தான் போனதா என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. எனக்கு அந்த ஒரு நாள்தான் தெரியும்.

கடைசியாகக் கூடிய சங்கக் கூட்டத்தில் கோபம் முழுவதும் அக்கா பக்கம் திரும்பியது. கல்யாணத்தன்றுகூடத் திறந்தவள் அன்றைக்கு ஏன் பூட்டினாள் என்று கேட்டார்கள். தனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதால் வேண்டுமென்றே செய்தாள் என்றுகூட ஒருவர் சொன்னார். வேலைக்குப் போகிறவர்கள், கடைக்காரர்கள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வேனில் வந்தவர்கள். அவர்கள் கோபத்தில் தவறில்லை. அக்கா, "ஆமா, நான்தான் பூட்டுனேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். யார் சொல்லிப் பூட்டினார் என்று சொல்லவில்லை. முதல் கூட்டத்தில் இருந்தவர்கள் சிலர் என் முகத்தைப் பார்த்தார்கள். ஆனால் பூட்டச் சொல்லி அக்காவிடம் நான் பேசியது அந்த முதல் கூட்டம் கலைந்த பிறகு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது; அதை யாரும் கேட்கவில்லை. நான் எழுந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மனுவெல்லாம் நான்தான் எழுதுகிறேன், என் மேல் நம்பிக்கை போனால் சங்கமே போய்விடும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உட்கார்ந்தே இருந்தேன்.

சரண்யா கல்லூரியை விட்டுவிட்டாள். பஸ் மாறி மாறிப் போக அவள் நைனா விடவில்லை. இருட்டும் முன் வீடு வர முடியாது என்பதுதான் காரணம். இப்போது செஞ்சியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். என்னைப் பார்த்தால் "வாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் புடவை மடிக்கத் தொடங்கிவிடுவாள். குப்பம்மாள் கீரையைப் பக்கத்து ஊரான வல்லத்திலேயே கொடுத்துவிடுகிறாள், கிடைத்த விலைக்கு. வேலு பைக்கில் போகிறார். நான் இரண்டு பஸ். காலையில் கிளம்பினால் வீடு திரும்ப எட்டு மணி.

மூன்று மாதம் முன்பு அக்காவைப் பார்க்கப் போனேன். சர்க்கரை கூடி, காலில் புண் ஆறாமல், கட்டிலிலேயே இருந்தார். யார் யார் எப்படிப் போகிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். சரண்யாவைப் பற்றிச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஒருவாறு தைரியம் வரவழைத்துக்கொண்டு, "அன்னிக்கு நான் சொல்லலன்னா நீங்க பூட்டியிருக்க மாட்டீங்க அக்கா. நான் எழுந்து சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவர் போர்வையைக் காலிலிருந்து விலக்கச் சொன்னார், விலக்கினேன். பிறகு சொன்னார். "சொல்லியிருக்கணும் டீச்சர். எனக்கு நல்லா இருந்திருக்கும்."

மன்னித்துவிட்டேன் என்று சொல்வார், இல்லாவிட்டால் பரவாயில்லை என்று பேச்சை மாற்றுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். இரண்டும் இல்லை. கோபமும் இல்லை. காபி போடச் சொல்லி ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். நான் கிளம்பும்போது, "எப்பவாவது திரும்ப எழுதுனா, நானா இஷ்டத்துக்குப் பூட்டுனேன்னு வந்துதில்ல, அந்த வரிய மாத்தி எழுதுங்க" என்றார். செய்கிறேன் என்றேன். வந்து பரீட்சைத் தாள் திருத்துவதில் மூன்று மாதம் போய்விட்டது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று இந்த நாட்களில் யோசித்தேன். விடாமுயற்சி என்று எழுதலாம். அது உண்மையில்லை, என்னிடம் அது இல்லை. மிஞ்சியது ஒரு சின்னப் பழக்கம். வண்டி தூரத்தில் தெரிந்ததும் எல்லோரும் வண்டியைப் பார்ப்போம். அக்கா அதற்கு எதிர்ப்பக்கம், ஊரிலிருந்து வரும் பாதையைப் பார்ப்பார். தினமும் வருகிறவர்களில் யார் வரவில்லை என்று தேடுவார். வராதவருக்கு அன்று மத்தியானத்துக்குள் போன் போய்விடும். உடம்பு சரியில்லையா, வீட்டில் சண்டையா, வேலை போய்விட்டதா. நான் இப்போது காலைப் பஸ்ஸில் ஏறியதும் என்னை அறியாமல் அதைச் செய்கிறேன். நேற்று யார் இருந்தார்கள், இன்று யார் இல்லை. எனக்கு அவர்கள் பெயர் தெரியாது, போன் எண் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை. பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

அக்காவின் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் சங்கத்தை மறுபடி கூட்டப்போவதாக வேலு சொன்னார். அக்கா பெயரைச் சொல்லி இன்னொரு மனு கொடுக்க வேண்டுமாம். நான்தான் எழுத வேண்டும், செயலாளராகவும் நானே இருக்க வேண்டும் என்றார். மனுவை எழுதிவிட்டேன். கவுண்டரைப் பூட்டச் சொன்னது நான், முகவர் அல்ல என்பது அதன் முதல் பத்தி. அதனால் வண்டி நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. படிப்பார்களா என்பதும் சந்தேகம்தான்.

மனுவோடு, வண்டி நின்றால் தினமும் பயணிக்கப் போகிறவர்களின் பட்டியலும் இணைக்க வேண்டும். அதில் வேலுவின் பெயரை எழுதினேன். குப்பம்மாளின் பெயரை, அவளைக் கேட்காமலே எழுதினேன். சரண்யாவின் பெயரை எழுதி அடித்தேன். என் பெயரை எழுதவில்லை. போன வாரம் மதுராந்தகத்தில், பள்ளிக்குப் பின்தெருவில், ஒரு வீடு பார்த்தேன். இரண்டு அறை, நல்ல தண்ணீர். ஜூனில் பள்ளி திறக்கும் முன் குடிபோய்விடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். வேலுவிடம் சொல்லவில்லை. வீட்டிலும் இன்னும் சொல்லவில்லை.